ஒற்றைக்கால் சாம்பிள்

காலை ஆறு நாற்பதுக்குப் பேரணாம்பட்டில்
கிளம்பும் கம்பெனி வேனில் ஒரே பாட்டுதான்.
சம்பங்கி அண்ணனின் பென்டிரைவில்
மற்றதெல்லாம் அழிந்துபோய் ஒரு மாதம்.
பாட்டு எதுவென்று சொல்ல மாட்டேன்.
சொன்னால் நீங்களும் முணுமுணுக்கத் தொடங்குவீர்கள்,
அப்புறம் நான் சொல்வது காதில் விழாது.

நரியம்பட்டு தாண்டியதும் எப்சிபாதான் கிளப்பினாள்:
"இத்த விட எங்க சர்ச்சுல பாட்றது நல்லா கீதுடி."
அதே மெட்டு. காதலி இருந்த இடத்தில் கர்த்தர்.
தபேலாவுக்குப் பதில் பிளாஸ்டிக் குடம்.
இரண்டாம் சரணத்தில் அவன் ஏங்கும் இடத்தில்
இவர்கள் மழைக்கு வேண்டிக்கொள்கிறார்கள்.
போன வருஷம் பெய்ததாம்.

வெண்மதிக்குப் பிடித்தது செல்போனில் வரும் பெண்.
கிடாரோடு, கண்ணை மூடிக்கொண்டு,
பாதிப் பாட்டு வெறும் மூச்சாக.
"தூக்கம் வர்ற மாதிரி கீது" என்றாள் கோட்டீஸ்வரி.
"அதுக்குத்தான கேக்கறேன்."
வெண்மதி வீட்டில் கைக்குழந்தை, பல் முளைக்கிறது.

கோட்டீஸ்வரிக்கு பேண்டு செட்.
மாமனார் சாவு எடுத்த அன்று
டிரம்பெட்காரன் உச்சிக்கு ஏற முடியாமல்
நடுவில் நிறுத்தி, எச்சில் துடைத்து,
ஒரு படி கீழே இறங்கி மறுபடி பிடித்தான்.
"அந்த எறக்கத்துலதான் எனக்கு அழுகயே வந்துச்சு.
அதுவரிக்கும் கெழவன் மேல கோவந்தான்."

தில்ஷாத் வெகுநேரம் ஜன்னலையே பார்த்திருந்தாள்.
பிறகு சொன்னாள், சின்னண்ணன் வலிமாவில் பாடியதை:
முதல் வரி தமிழ், அடுத்த வரி உருது,
மூன்றாவது மறந்துபோய்
பண்டாரியைப் பார்த்துக் கை நீட்டி
'கறி எப்ப வரும்' என்று அதே ராகத்தில்.
சொல்லிவிட்டுப் பாடியும் காட்டினாள்.
சம்பங்கி அண்ணன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே
துத்திப்பட்டு ஸ்பீடு பிரேக்கரில்
எங்களைக் கூரைக்குத் தூக்கிப் போட்டார்.

ஓட்டு வைத்தோம்.
மடிகளில் ஐந்து டிபன் பாக்ஸ் மூடி.
ஓட்டுச்சீட்டுக்கு என் பைக்குள் ஒட்டி வந்திருந்த
பித்தளை ஐலெட்டுகள், கம்பெனிக்குத் தெரியாது.
பதினாலு பேர்.
கறிக்கு ஐந்து. சர்ச்சுக்கு நாலு,
எப்சிபா பின்சீட்டையே வளைத்திருந்தாள்.
பேண்டுக்கு மூன்று. கிடாருக்கு இரண்டு.
அசலுக்கு வைத்த மூடியில்
தயிர்சாத ஈரம் மட்டும்.

சம்பங்கி அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது,
தானே பாடிய பாட்டு போல.
"ஒர்ஜினல் ஒர்ஜினல்தாம்மா" என்று
சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.
கீழே பாலாறு, மணலும் முள்ளுமாய்.

நாங்கள் தைப்பது இத்தாலிக்காரன் ஷூ.
லைன் முனையில், கண்ணாடிப் பெட்டிக்குள்,
சாம்பிள் நிற்கிறது. எப்போதும் ஒற்றை, வலது கால்.
அதைப் பார்த்துப் பார்த்து ஒரு நாளைக்கு எண்ணூறு ஜோடி.
தையல் மயிரிழை விலகினாலும்
சூப்பர்வைசர் திருப்பி எறிவார்.
அந்த ஒற்றைக்குள் இதுவரை
ஒருத்தர் காலும் போனதில்லை.

என் ஓட்டும் கறிக்குத்தான். சிரித்துவிட்டேன், என்ன செய்ய.
எனக்கென்று இருந்ததை நான் மூடியில் வைக்கவில்லை.

போன சித்திரையில் ஒரு நாள் கரண்டு போனது.
அறுபது மெஷினும் ஒரே மூச்சில் அடங்கி
ஜெனரேட்டர் உறுமுவதற்குள் கிடைத்த இருட்டில்,
லைனில் யாரோ ஒருத்தி
அந்த உச்சி இடத்தை மட்டும் முனகினாள்.
வார்த்தை இல்லை. சுருதியும் கொஞ்சம் கீழே.
முடிப்பதற்குள் விளக்கு வந்துவிட்டது.
எல்லாத் தலையும் குனிந்திருந்தது.

பதினாலு பேரில் ஒருத்தியா, வேறு வேன்காரியா,
கேட்டுப் பார்க்கவில்லை.
ஆனால் அதற்குப் பிறகு எப்போது கரண்டு போனாலும்
ஊசியிலிருந்து விரலை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.