நேத்து வண்டி எங்க போச்சு

தண்ணி லாரி வரிசையில்
குடத்தை இறக்காமலே டில்லிராணி கேட்டாள்:
"இன்னாடி, நேத்து ராத்திரி வண்டி
ரொம்ப தூரம் போச்சா?"
வரிசை முழுக்கச் சிரித்தது.
லாரி டிரைவரும்.

வண்டி எங்கேயும் போகவில்லை.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
மாநகராட்சிக் கழிவறைச் சுவரை ஒட்டி
இரண்டு மாதமாக அதே இடம்.
சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு கருங்கல்.
போனது கட்டில்தான்.

ஏதோ பள்ளிக்கூடம் ஏலத்தில் தள்ளிய டெம்போ டிராவலர்.
மஞ்சளுக்கு மேல் வெள்ளை அடித்தும்
வெயில் ஏறினால் "மெட்ரிக்" மட்டும் மேலே வந்துவிடும்.
சீட்டுகளை எடைக்குப் போட்ட காசில்
கஜபதி ஆங்கிள் இரும்பு வாங்கிக் கட்டில் அடித்தான்.
என் தலை பன்னிரண்டாம் நம்பர் சன்னலுக்குக் கீழே,
கால் பதினெட்டில்.

ஏலகிரி போக, கன்னியாகுமரி போக என்றுதான்
எல்லோரிடமும் சொல்லி வாங்கினோம்.
ஒருதரம் எண்ணூர் வரைக்கும் போனோம்.
வீட்டில் ஒரே அறை, ஏழு பேர்.
பத்து மணிக்கு மேல் தலையணையோடு தெருவைக் கடந்து
ஸ்கூலுக்கு லேட்டான பிள்ளைகள் மாதிரி
ஏறிக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை பழுது பார்த்தோம்.
மண்ணடியில் வாங்கிய ஆறு போல்ட், ஆறு நட்டு,
எண்ணிப் பன்னிரண்டு வாஷர்.
பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இரண்டு,
அதில் ஒன்று ரஹீம் ஷெட்டில் இரவல்.
அடியில் அவன் தோள் நுழையவில்லை.
நைட்டிக்கு மேல் அவன் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு
நான் போனேன்.
சாக்கில் மல்லாந்தால்
முகத்துக்கு ஒரு சாண் மேலே துரு.
கடல் அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது,
உப்பு இங்கே இருந்தது,
உதட்டில் உதிர்ந்தது.

மேலிருந்து அவன் திருகினான்,
கீழிருந்து நான்.
"இறுகுதா?"
"சுத்துது."
"வலது பக்கம் திருப்பு."
"வலதுதான்."
"யாருக்கு வலது?"
அரைமணி கழித்துத்தான் உறைத்தது.
போல்ட்டும் நட்டும் சேர்ந்தே சுற்றிக்கொண்டிருந்தன,
பிரகாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறவர்கள்போல.
"நீ சும்மா புடி" என்றேன்.
அவனுக்குச் சும்மா பிடிக்கத் தெரியாது.
"புடிச்சிட்டேன்" என்பான்,
என்றபடியே கொஞ்சம் திருப்பிப் பார்ப்பான்.

அப்போது கூட்ஸ் வந்தது.
காதுக்கு முன்னால் முதுகுக்கு வந்தது.
தலைக்கு மேல் வண்டி முழுக்கக் கிடுகிடுத்தது,
துரு மாவாக இறங்கியது,
கருங்கல் நிற்குமா என்று நான் யோசித்தேன்.
அவனும் யோசித்திருக்க வேண்டும்.
மேலே ஸ்பேனர் இம்மி அசையவில்லை.
கடைசிப் பெட்டி தாண்டுவதற்குள்
நாலு நட்டு இறுக்கிவிட்டேன்.

மீதி இரண்டு இடத்தில் தகடே இல்லை.
விரலால் தொட்டேன், விரல் போய்விட்டது.
இத்தனை நாளும் பாவம்
கட்டிலைத் திட்டிக்கொண்டிருந்தோம்.
ஓட்டை வழியாக எட்டிப் பார்த்த அவன் கட்டைவிரலைப்
பிடித்து இழுத்தேன். கத்தினான்.
ரஹீம் ஷெட்டில் கிடந்த
யாருடையதோ நம்பர் பிளேட்டை இரண்டாக வெட்டி
சைக்கிள் டியூப் துண்டு கொடுத்து
அதையும் முடித்தோம்.

ராத்திரி சத்தமே இல்லை.
புரண்டு பார்த்தான். இல்லை.
எழுந்து உட்கார்ந்து பார்த்தான். இல்லை.
மணலிப் பக்கத்துக் காற்று வந்தது, அதன் நாற்றத்தோடு.
கழிவறைக் குழாய் ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு.
இவ்வளவும் தினமும் இருந்திருக்கிறது.
"தூங்கிட்டியா?"
"இல்ல. நீ?"
அதற்கு ஏன் அப்படிச் சிரிப்பு வந்தது
என்று தெரியவில்லை.
தெருவுக்கே கேட்டிருக்கும்.

காலையில் டில்லிராணி,
"வண்டி நின்னுடுச்சா?"
"டீசல் இல்லக்கா" என்றேன்.
குடத்தைத் தூக்கக் குனிந்தபோது
நைட்டிப் பையில் ஏதோ கிலுங்கியது.
ஒரு வாஷர்.
பன்னிரண்டு எண்ணித்தான் வாங்கினோம்.