கடவுச்சொல்: பிறந்த தேதி

ஜெசிந்தா,
நீ அனுப்பிய கோப்பு
மூலக்கடை சந்திப்பில் வந்து சேர்ந்தது
பதினொன்று நாற்பதுக்கு.
மேம்பாலத்து நிழல் என்னை விட்டுவிட்டு
டீக்கடைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த நேரம்.

திறக்கப் பிறந்த தேதி கேட்டது.
போட்டது உன்னுடையதா, என்னுடையதா,
தெரியாது.
திறந்தது.

இருபத்தெட்டுப் பக்கம்.
முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரியின் கன்னம்,
அதன்மேல் ஏணி ஏணியாய் நீலக்கோடு.
அடுத்த பக்கத்திலிருந்து
பச்சை, மஞ்சள், சிவப்பு.
இருபது வருஷமாய் நான் நிற்கிற நிறங்கள்தான்,
இங்கே யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

கொலாஜன் உடையும் வேகம், மஞ்சள்.
சர்க்கரையால் தோல் விறைப்பது, பச்சை.
உனக்குச் சந்தோஷம்,
நாளைக்கே பால்கோவா வாங்குவாய்.
வெயிலைத் தாங்கும் திறன், சிவப்பு.
அடியில் பொடி எழுத்தில்
'பகல் பத்து முதல் நான்கு வரை
வெளியே இருப்பதைத் தவிர்க்கவும்.'

அதைப் படிக்கிறபோது
ஒரு மணல் லாரி நடுரோட்டில் படுத்துவிட்டது.
நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளவைத்துவிட்டு வந்தேன்.
மறுபடியும் பிறந்த தேதி கேட்டது.

அண்ணா நகர் கிளினிக்கில்
பஞ்சுக்குச்சியால் உன் கன்னத்தின் உள்பக்கம்
தேய்த்தாளே ஒரு பெண்,
அவள் வெளியே எட்டிப் பார்த்து
யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்த என்னை
'அக்கா, நீங்களும் உள்ளே வாங்களேன்' என்றாள்.
நீ சிரிப்பை விழுங்கினாய்.
ராயபுரம் ஆஸ்பத்திரியில்
என்னைவிடப் பதினோரு நிமிஷம்
முன்னால் வந்தவள் நீ.
நான் திருத்தவில்லை.
பதினாலாயிரம் கட்டுகிறவள்
தங்கையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று கேட்கவேண்டும்.
ஒரே கரு இரண்டாய்ப் பிரிந்தவர்கள் நாம்.
அந்தப் பஞ்சில் ஒட்டிக்கொண்டு போனதில்
நானும் இருந்தேன்.
உன் வாயைத் திறந்து
என்னையும் காட்டிவிட்டாய்.
பாதிப் பணம் நான் தரவேண்டுமா,
பாதிக் கையெழுத்து
என்னிடம் வாங்கியிருக்க வேண்டுமா?

உன்னை வங்கி கவுன்டரில்
பதினெட்டு டிகிரியில் வைத்திருக்கிறார்கள்.
என்னை இங்கே,
மணலிக்குப் போகிற டேங்கர்களும்
செங்குன்றத்திலிருந்து வருகிற நெல் லாரிகளும்
மாறி மாறி முகத்தில் கரி பூச.
வாயைச் சுற்றிச் சுருக்கம் விழும் வாய்ப்பு
குறைவாம், பச்சை.
எனக்கு மேலுதட்டில் ஒன்பது கோடு.
எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
விசில் ஊதுகிறவர்களுக்கென்று
தனிப் பக்கம் இருக்குமோ என்று
கடைசிவரை தள்ளிப் பார்த்தேன்.

உன் புருவங்களுக்கு நடுவில்
ஒரு பள்ளம் இருக்கிறதே,
ஆல்பர்ட் வாங்கிய கடனுக்கு
நீ ஜாமீன் நின்ற வருஷத்தில் விழுந்தது,
அதையும் அவர்கள் எழுதவில்லை.
நானும் சொல்லப்போவதில்லை.

மே மாதம் உனக்கென்றே கலந்த சீரம் வந்தது,
குப்பியில் உன் பெயர் அச்சடித்து.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து
உன் வீட்டுக்கு வந்தபோது
குளியலறையில் நாலு சொட்டு எடுத்தேன்.
திருட்டுத்தான்.
பொருந்தியது,
எனக்கே அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி.
கண்ணாடியில் எதுவும் மாறவில்லை,
கொஞ்சம் எலுமிச்சை வாசனை.
முகத்தைக் கழுவாமல் வெளியே வந்தேன்.
நீ மோந்து பார்த்திருப்பாய்,
ஒன்றும் கேட்கவில்லை.

இன்றைக்கு மூன்று மணிக்கு
மோர் பாக்கெட் கொடுக்க வேன் வந்தது.
வெள்ளைக் கையுறையைக் கழற்றினேன்.
மணிக்கட்டுக்கு மேலே
தார் ரோட்டு நிறத்தில் நான்.
மணிக்கட்டுக்குக் கீழே
வியர்வையில் ஊறி, வெளுத்து,
மோதிரம் இல்லாமல்,
நீ.

அந்தக் கையால்தான்
பாக்கெட்டின் மூலையைப் பிடித்து
பல்லால் கிழித்தேன்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.