புள்ளி

பெயரைக் கிழித்துவிட்டு
அந்த இடத்தில் எண் ஒட்டுவது வேலை.
சிவாஜிநகர் பிரசவ ஆஸ்பத்திரி, மூன்று மாதம்,
நானூறு குழாய்.
விடிஆர்எல் பார்த்து மிஞ்சிய ரத்தம்,
யாருடையதென்று இனி
யாருக்கும் தெரியக்கூடாத ரத்தம்.

குத்துகிற கையும் சோதிக்கிற கையும் வேறாக இருக்கணும்,
பயிற்சியில் இரண்டு முறை சொன்னார்கள்.
புட்டசாமி மாற்றலாகிப் போனதும்
இரண்டும் என் கைதான்.

இருநூற்றுப் பதினேழு.
தட்டில் மற்ற குழிகள் தண்ணீராய் இருக்க
ஒன்று மட்டும் மஞ்சளானது.
வேறு கிட்டில் மறுபடி போட்டேன்.
மஞ்சள்.

படிவத்தில்: வயது இருபத்திரண்டு. ஏழாவது வரை.
முதல் கர்ப்பம். கணவன் தொழில் லாரி.
ஆறு மாதத்துக்குமேல் வெளியூர்: ஆம்.
இவ்வளவுதான் அவள் எனக்கு
இருந்திருக்க வேண்டும்.

ஆனால் சீரம் இளஞ்சிவப்பு.
நரம்பு மூன்று முறை வழுக்கி, செல் உடைந்தால் அப்படி வரும்.
செவ்வாய்க்கிழமை, மழை, கடைசி ஆள்.
"இன்னொரு கையில பாருக்கா, இது ராசியில்லாத கை"
என்று சிரித்தவள்.
போர்வெல் வண்டி இப்போ ராய்ச்சூர்ல நிக்குது என்றாள்,
நான் கேட்காமலே.

ரிஜிஸ்டரில் அன்றைய பக்கம், கடைசி வரி.
அட்டைமேல் கை வைத்தேன்.
எடுத்தேன்.
கேட்டு எடுத்த ரத்தமில்லை இது,
அதனால் சொல்லவும் கூடாது.
அவளுக்குத் தெரியாமல் அவளோடு போட்ட ஒப்பந்தம்.

மாநில அலுவலகத்து தேஷ்பாண்டே சார் போனில் கணக்குப் போட்டார்:
இப்படியே போனால் பூஜ்யம் புள்ளி இருபத்தைந்து.
போன வருஷத்தைவிடக் குறைவு, நல்ல செய்தி.
நல்ல செய்திதான் சார்.
மெய்யின் தலையில் புள்ளி வைத்தால்
உள்ளே உயிர் இல்லையென்று அர்த்தம்,
எனக்குத் தெரிந்த இலக்கணம் அதுதான்.
இவள் புள்ளத்தாச்சி. உள்ளே இரண்டு உயிர்.

மேல்மாடியில் பதினாலாம் அறை.
கேட்டு, கையெழுத்து வாங்கி, பெயர் எழுதிச் சோதிக்கிற அறை.
மாத்திரை அங்கே தொடங்கும், பிள்ளைக்கும் சேர்த்து.
கதவில் சிவப்பு ரிப்பன் படம்.
அதைப் பார்த்தே பாதிப் பேர் படியேற மாட்டார்கள்.

புதன்கிழமையிலிருந்து எல்லாரையும் துரத்தினேன்.
மேலெ ஹோகம்மா.
ஊப்பர் ஜாவ் மா, சௌதா நம்பர்.
மேல போம்மா, பத்து நிமிஷம்தான்.
போலீஸ்காரர் மனைவியை,
மூன்றாவது பிரசவத்துக்கு வந்த கணக்கு டீச்சரை,
"எங்களை என்னன்னு நெனச்சே?" என்று
செருப்பைப் பார்த்தவளை.

கவுன்சிலர் ஜைபுன்னிசா மூச்சிரைக்க இறங்கி வந்தாள்:
ஒரே நாளில் முப்பத்தெட்டு பேர்,
கிட் தீர்ந்துபோச்சு, உனக்கென்ன பைத்தியமா?
இருக்கும் என்றேன்.

அடுத்த மாதம் அவள் வந்தாள்.
வயிறு முன்தள்ளியிருந்தது,
முழங்கையில் என் ஊசித் தழும்பு மறைந்திருந்தது.
எல்லாருமா போகணும்?
எல்லாரும்.
நீ போனியாக்கா?

போனேன் என்றேன்.
பொய்.

அவள் ஏறினாள்.
பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்து நின்று
மறுபடி ஏறினாள்.
அந்த அறையிலிருந்து கீழே எனக்கு
எந்தச் சேதியும் வராது. வரவும் கூடாது.

சாயங்காலம்
ஸ்டிக்கர் ரோலை இழுப்பறையில் பூட்டிவிட்டு
நானும் ஏறினேன்.
ஜைபுன்னிசா பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.
என் முகத்தைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.
ஒன்பது வருஷமாய் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம்,
இருந்தும் படிவத்தின் முதல் கட்டத்தில் பேனாவை வைத்து
பெயர்? என்றாள்.