மெய் நீங்கி

வாயைத் திறந்து வைத்திருப்பவரால்
'ம' சொல்ல ஏலாது. உதடு ஒட்டவேண்டும்.
'ர'வும் வராது,
நாக்கை நான் கண்ணாடியால் அமத்திப் பிடித்திருக்கிறேன்.
ஆகவே கொட்டாஞ்சேனையில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்,
என் நாற்காலிக்கு முருகன் வருவது
உ, உ, ஆ என்றுதான்.
யேசுவே என்றால் ஏ, உ, ஏ.
பதினொரு வருஷமாய்க் கேட்கிறேன்,
மெய்யெல்லாம் பஞ்சில் ஊறிப்போய்
உயிர் மட்டும் மிஞ்சிய பெயர்களை.

செவ்வாய்க்கிழமை தோழர் பரராசசேகரம் வந்தார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
மகளின் கலியாணத்தை ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல்
பதிவுக் கந்தோரில் முடித்ததால்
இரண்டு தம்பிமாரோடு இன்னும் பேச்சில்லை.
கீழ்க் கடவாய், இடப்பக்கம். வேர் கொக்கிபோல் வளைந்திருந்தது.
விறைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். விறைக்கவில்லை.
குறடு திரும்பியதும்
உ! உ! ஆ!
கீழே மருந்துக்கடையில் கதை நின்றது.

துப்பினார். கொப்பளித்தார்.
இரத்தத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
"அது சும்மா சத்தம், டொக்டர்."
ஓம் என்றேன்.
அதையும் சந்தேகமாகப் பார்த்தார்.
"தூஷணம் மாதிரி. வேறொண்டும் இல்லை."

தூஷணம் அவருக்குத் தெரியாததா?
முப்பது வருஷத் துறைமுகம்,
மூன்று மொழியிலும் பாடம் இருக்கும்.
அதில் ஒன்றுகூட ஏன் வாய்க்கு வரவில்லை?
குறட்டை நீராவியில் வைத்துவிட்டு யோசித்தேன்.
தூஷணம் ஆளைப் பார்த்துச் சொல்வது.
வலிக்குத் தாயுமில்லை தமக்கையுமில்லை, இழுத்துப் பேச.
ஆளில்லாத ஒரு பேர்தான் தோதுப்படும்.
ஆள் இருக்கிற வீட்டுக் கதவை
யார் இப்படி உதைப்பார்கள்?

பிலோமினா ரீச்சர் உதைப்பதில்லை.
பெயரை வீணாகச் சொல்லாதே என்ற கட்டளையைக்
கடவாயில் கடித்துக்கொண்டு
கால் பெருவிரலை மட்டும் ஆட்டுவார்.
ஆனால் ஐந்து நேரமும் தொழுகிற பாஹிம் நானா
ஊசியைக் கண்டதுமே கூப்பிடத் தொடங்குவார்,
அது தொழுகையா பயமா என்று
ஊசிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
ஆகவே என் கணக்கு அவ்வளவு சரியில்லை.

தட்டு விழுந்தால் நில்மினி சொல்வது புது அம்மோ.
புத்தருடைய அம்மாவா, புத்தரே அம்மாவா என்று
ஒருநாள் கேட்டேன்.
கையில் பஞ்சுச் சுருளோடு நெடுநேரம் நின்றாள்.
"தெரியாது மிஸ். வாய்க்குத்தான் தெரியும்."

போன மாதம் ஆமர் வீதிச் சந்தியில்
நான் இறங்கமுதல் பஸ்ஸை எடுத்துவிட்டான்.
தார் என் முழங்காலைத் தொட்டபோது
நான் சொன்னது: யேசுவே.
நான் வேலணைச் சைவம். அதையும் பதினாறில் விட்டவள்.
விட்ட சாமியாவது வந்திருக்கலாம்.
வந்தது சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடத்தில்
கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காத சாமி.
பிறகு வீட்டில் பழகிப் பார்த்தேன்,
மேசைக்காலில் சின்னவிரல் இடித்தால்
'புவியீர்ப்பே!' என்று கத்துவதற்கு.
முதல்தரம் சிரிப்பு வந்தது.
இரண்டாம்தரம் உண்மையாகவே இடித்தது,
மறந்துபோனேன்.

"நாக்கு அங்கயே போகுது," என்றார் தோழர்.
போகும், இரண்டு கிழமைக்கு. தொடாதேங்கோ.
"பல்லில்லை எண்டு தெரியும், டொக்டர்."
தெரியும்.
"எண்டாலும் போகுது."

புதுப் பஞ்சு வைத்தேன். இறுக்கிக் கடியுங்கோ,
அரை மணித்தியாலம் வாய் திறக்கக் கூடாது.
எண்ணிக் காசு வைத்தார். மழைக்குக் குடையை விரித்தார், உள்ளேயே.
ஐந்தாம் படி உடைந்தது என்று எல்லாருக்கும் சொல்வேன்.
அவருக்குச் சொல்ல மறந்தேன்.

கீழேயிருந்து தடால் என்றது. பிறகு, மூடிய வாயால்,
ம்ம்ம்.
உயிர் ஒன்றும் இல்லை. தனி மெய்.
நில்மினி என்னைப் பார்த்தாள்.
முருகனோ, மாக்ஸோ, அம்மாவோ.
நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.