தொண்ணூற்றிரண்டாவது அட்டை

ஓரப்பம் தாண்டி ரோட்டோரக் கிரானைட் கம்பெனியில்
கல்லறுக்கும் மெஷினோடு வந்து இறங்கினார்
தர்சீசியோ பெர்தோல்தி.
வயது ஐம்பத்தொன்று.
இடது முட்டியில் பூரான் ஒட்டினாற்போல் தையல்.

மெஷினைப் பூட்ட நாற்பது நாள்.
அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இத்தாலி வராது.
இரண்டு பேரின் இங்கிலீஷையும் சேர்த்து ஊற்றினால்
அரை கிளாஸ் டீக்குத் தேறாது.
நான் கிரேன் ஓட்டுகிறவன்.
அவர் கை விரித்தால் தூக்குவேன், மூடினால் நிறுத்துவேன்.
எங்கள் பேச்சு அதிலேயே ஓடியது.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது.
அறுக்க நின்றிருந்த பெரிய கல்லில்
சாக்பீஸால் தன் கணக்கை எழுதினார்:
பதினான்கு வருடம். ஆறு ஊர்.
முந்நூற்றுப் பதினொரு ஆட்டம்.
கோல் இரண்டு.
கீழே தனியாக இன்னொன்று,
அம்புக்குறியைத் திருப்பிப் போட்டு.
எனக்குப் புரிந்துவிட்டது: சேம்சைடு.
கடைசியில்
மஞ்சள் அட்டை 91.

கல் ஜெகதேவிப் பக்கம் வெட்டியது.
வியாபாரத்தில் அதற்குப் பாரடைசோ என்று பேர்.
சீட்டை வாசித்தவர் வானத்தைக் காட்டிச் சிரித்தார்.
அவர் பாஷையில் சொர்க்கமாம்.

நான்காவது ஊரில் கிளப் திவால்.
ஐந்து மாதச் சம்பளத்துக்கு ஈடாக
ஒரு பழைய ஸ்கூட்டர் கொடுத்தார்கள்.
அதன் போட்டோவைப் போனில் வைத்திருக்கிறார்,
கோப்பை எதையும் காணோம்.
முட்டியைத் தொட்டுக் கேட்டேன்.
விரல்களை உதறி மழை காட்டினார்.
ஈரப்புல். யாரும் இடிக்கவில்லை.
திரும்பினாராம், அவ்வளவுதான்.

நானும் பேக்தான் என்று நெஞ்சைத் தட்டினேன்.
எலத்தகிரி டீமில் பதினோரு வருஷம் ஸ்டாப்பர்.
என்னிடம் காட்ட ஸ்கூட்டர்கூட இல்லை.
கோல் அடித்தவனை ஊர் தோளில் தூக்கும்.
நாங்கள் தடுத்ததெல்லாம் நடக்காமலே போனவை.
கிரேனிலும் அதே கதை,
விழாத கல்லை எவனும் படம் பிடிப்பதில்லை.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் மைதானம்.
கிரானைட்டுக்கும் மாங்காய் மண்டிக்கும் ஆட்டம்.
ஆள் குறைகிறது என்று அவரை இழுத்துவிட்டோம்.

அவர் ஓடவேயில்லை.
பந்து வரப்போகும் இடத்தில் முன்னாலேயே நின்றார்,
பாக்கி வசூலிக்க வந்தவர் மாதிரி.
இருபத்திரண்டு நிமிடம்
மண்டிக்காரர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு நவ்ஷாத். பதினேழு வயது.
கூடை தூக்கிய தோள், மைனாவின் கால்.
பந்தை ஒரு பக்கம் தட்டி மறுபக்கம் பாய்ந்தான்.
தர்சீசியோவின் கை தானாகப் போனது சட்டைக்கு.
மாம்பழப் படம் போட்ட ஜெர்சி
கழுத்திலிருந்து விலா வரை கிழிந்தது.

விசில்.
ரெஃப்ரி சவேரிநாதன் பாக்கெட்டைத் துழாவினார்,
அட்டை கிடையாது, எந்த நாளும் இருந்ததில்லை.
சைக்கிள் ஹேண்டிலில் தொங்கிய மஞ்சப்பையை உருவி
உயரத் தூக்கிக் காட்டினார்.
கொத்தமல்லிக் கட்டு தலைமேல் விழுந்தது.

மைதானமே உருண்டு சிரித்தது.
அவர் சிரிக்கவில்லை.
கைகளைப் பின்னால் கட்டி, தலை குனிந்து,
ரெஃப்ரி எழுதிக்கொள்ள வேண்டுமே என்று
பேரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

ஃப்ரீகிக்கை நவ்ஷாத் அடித்தான்.
எட்டிக் குதித்தேன்.
என் தலையில் பட்டு எங்கள் வலைக்குள் போனது.

முதுகில் தட்டுவார் என்று குனிந்தபடி நின்றேன்.
பக்கத்தில் வந்து ஷூ முனையால்
மண்ணில் ஓர் அம்பு கீறினார்,
திருப்பிப் போட்டு.
அப்போதுதான் சிரித்தார்.

போகும்போது கிழிந்த ஜெர்சிக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தார்.
நவ்ஷாத் பேரம் பேசி நானூறு வாங்கினான்.

திங்கட்கிழமை மெஷின் ஓட்டம். முதல் கல் அதுதான்.
தண்ணீர் திறந்தால் கணக்கெல்லாம் கரைந்துவிடும்.
கிட்டே போய்ப் பார்த்தேன்.
91ல் ஒன்றை அழித்து இரண்டாக்கியிருந்தார்.
பக்கத்தில் திரும்பிய அம்பு, இரண்டாவது.
அடியில் என் பேர்.
ஞானஸ்நானத்தில் வைத்தது இஞ்ஞாசி.
இஞ்ஞாசியோ என்று
அவர் ஊர்க்காரனாக்கி எழுதியிருந்தார்.

கை விரித்தார்.
தூக்கினேன்.