லேஞ்சி

விசுவமடுச் சபையில்
வாசற்கதிரை என்னுடையது.
வருகிறவர்களுக்குப் பாட்டுப்புத்தகம் கொடுப்பேன்.
பொட்டோடு வந்தால், லேஞ்சியும்.

கோமளேஸ்வரி மழைக்குத்தான் ஒதுங்கினாள்.
கூரைத் தகரத்தில் கொட்டிய சத்தத்தில்
பாஸ்ரரின் ஜெபம்கூட எனக்குக் கேட்கவில்லை,
அவள் நெற்றிதான் கண்ணில் குத்தியது:
ஒட்டுப்பொட்டு,
அந்த மழைக்கும் அசையாதது.

நீட்டினேன். சிரித்துக்கொண்டுதான்.
"அதை எடுத்திட்டு உள்ள வாங்கோ அக்கா,
ஆண்டவர் எல்லாரையும் ஏற்கிறவர்."

மடிப்புக் குலையாமல் திருப்பித் தந்தாள்.
"கச்சேரியிலயும் இதைத்தான் கேட்டவை, பிள்ளை.
மரணச் சான்றிதழ் எடுங்கோ, காசு வரும் எண்டு.
வட்டுவாகல்ல என்ரை கையால குடுத்தனான் அவரை.
நடந்துதான் போனவர்.
பஸ்ஸில ஏறேக்க
தண்ணிப்போத்தலைக் கேட்டவர்."

குடையில்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.
யாருக்கும் கேட்டதோ என்றுதான்
முதலில் திரும்பிப் பார்த்தேன்.
எல்லாரும் முழங்காலில்.
கண்கள் மூடியிருந்தன.

திங்கட்கிழமை
லேஞ்சிகளை ஊறப்போட்டேன்.
மூன்றில் குங்குமம்,
எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.
அவள் தந்ததில் ஒரு பொட்டுக் கறையில்லை.
அதையும் போட்டுத்
துவைத்தேன்.