மான் தின்ற கொப்பி

கடன் கொப்பியை மான் தின்றது
ஒரு சனிக்கிழமை விடியற்புறம்,
டச்சுபேயில், எங்கள் அப்பக்கடையில்.

முதல் நாள் இரவும் சண்டைதான்.
சவிரி சபைக்குப் போகத் தொடங்கி மூன்று வருஷம்.
நிலாவெளிக் கடலில் இரண்டாந்தரம் ஞானஸ்நானம் எடுத்து
தடிமன் பிடித்து வந்த நாளிலிருந்து
அவருக்கு மோட்சம் இலவசம்.
"விசுவாசி, போதும். உன்ர அப்பத்தை அடுக்கி
மேல ஏறேலாது."
நான் மாதா கோயிலை விடாதவள்.
"கை சும்மா இருக்க வாய் மட்டும் விசுவாசிச்சா
அடுப்பு எரியுமோ?"

உடனே கள்ளனைக் கொண்டுவருவார்,
பக்கத்துச் சிலுவையில் தொங்கினவனை.
"கை ரெண்டும் ஆணியில.
அவன் என்ன கிரியை செய்தவன், சொல்லு?"
மாவைக் கரைத்தபடி யோசித்தேன்.
"மற்றக் கள்ளனை அதட்டினவன் எல்லோ.
சாகிற நேரமும் இன்னொரு ஆளுக்காகக் கதைச்சவன்.
அது வேலை இல்லையோ?"
பதில் சொல்லாமல் லைற்றை நூர்த்தார்.
வென்றுவிட்டேன் என்று படுத்தேன்.
நித்திரை வரவில்லை.

கொப்பி விஷயம் வேறு.
கிருபைக்கு விலையில்லை என்கிற மனுஷன்
மாசக் கடைசியில் அதைக் கக்கத்தில் இடுக்கி
உட்துறைமுக வீதி முழுக்க நடப்பார்.
றபீக்கின் ஐந்நூற்று நாற்பது,
தபால் கந்தோர் புனிதவதியின் ஆயிரத்து இருபது,
ஒரு பிளேன்டீகூடத் தப்பாது.
கிரியையை நம்புகிற நானோ
அவர் ஜெபத்துக்குப் போகும் புதன்களில்
விரலில் எச்சில் தொட்டு
பென்சில் கணக்குகளை அழிப்பேன்.
அழித்ததை எல்லாம் மனதுக்குள்
இன்னொரு கொப்பியில் எழுதிக்கொண்டேன்,
மேலே போய்க் காட்டுவதற்கு.
பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை.

கோட்டைப் பக்கமிருந்து வருகிற பெண்மான்,
ஒரு காது கிழிந்தது,
வாழைப்பழத் தோலுக்குப் பழகினது.
நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.
திரும்பிப் பார்க்க
மேசையில் அட்டை மட்டும்.
கடைசித் தாள் அதன் வாயோரம் தொங்கிற்று
நீலக் கோடுகளோடு.
கண்கொட்டாமல் என்னைப் பார்த்து மென்றது,
யாருடைய பெயரை என்று தெரியவில்லை.

சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தவர்
ஓங்கிய தும்புத்தடியோடு
அப்படியே நின்றார்.
"இப்ப சொல்லுங்கோ, இது என்ன? கிருபையோ?"
"இது மான்," என்றார்.

பகல் முழுக்க லாச்சி மேசையில் குந்தி
ஞாபகத்திலிருந்து பெயர்களை எழுதினார்.
நாற்பதுக்கு மேல் இருந்ததில்
பதினொன்று வந்தது.
பிறகு அதில் ஒன்றைத் தானே வெட்டினார்.

பின்னேரம் கதை சந்தி முழுக்கப் பரவிவிட்டது.
கிண்ணியா பஸ்ஸுக்கு முதல் றபீக் வந்து
மீன் மணக்கிற தாள்களை எண்ணி வைத்தான்.
எழுநூற்று நாற்பது.
நான் அழித்த இருநூறும் அதற்குள் இருந்தது.
சவிரி காசைப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
நான் அடுப்பைப் பார்த்தேன்.

புனிதவதி குடையைச் சாய்த்து
வீதியின் மறுபக்கத்தால் போனாள்.

திங்கள் காலை
இரண்டு முட்டையப்பத்தைப் பேப்பரில் சுற்றி
தபால் கந்தோர்ப் பக்கம் நடந்தார் சவிரி,
கொடுக்கவோ, கேட்கவோ,
அவரே அறிவார்.

புதுக் கொப்பி வாங்கியாயிற்று.
இரவில் அதை எங்கே வைப்பது என்பதில்தான்
இப்போது சண்டை.